கடைமடைக்கு எட்டும் மருந்து

அறுவை அரங்கில் தோலில் கத்தி படுவதற்குச் சற்று முன்னால் எல்லோரும் கைவேலையை நிறுத்துகிறார்கள். நோயாளியின் பெயர் என்ன, என்ன அறுவை, வலது காலா இடது காலா என்று ஒருவர் உரக்கப் படிக்கிறார். அறுவை மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் செவிலியரும் ஒவ்வொன்றாக உறுதி செய்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த பாதுகாப்புப் பட்டியல் இது. அதில் ஒரு கேள்வி: கடந்த 60 நிமிடங்களுக்குள் தடுப்பு ஆன்டிபயாடிக் போடப்பட்டதா?

போட்டாயிற்றா என்பதோடு அந்தக் கேள்வி நிற்கவில்லை, எப்போது என்றும் கேட்கிறது. நேற்றிரவு வார்டிலேயே போட்டுவிட்டோம் என்ற பதில் அங்கே செல்லாது. தையல் முடிந்ததும் போடலாம் என்பதும் செல்லாது. தொற்று என்றாலே எந்த மருந்து வீரியமானது, எது புதியது என்றுதான் பேச்சு போகிறது. எலும்பு அறுவையைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய கேள்வி, மருந்து எலும்புக்குள் எப்போது போய்ச் சேர்கிறது, எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறது என்பதுதான்.

எத்தனை கிருமிகள் விழுந்தால் ஒரு காயம் சீழ்பிடிக்கும்? 1957இல் லண்டனில் எலெக், கோனென் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத் தன்னார்வலர்களின் தோலிலேயே சோதித்துப் பார்த்தார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியைத் தோலுக்குள் ஊசியால் ஏற்றினால், சீழ்க்கட்டி உண்டாகப் பல லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. நலமான உடல் அந்த அளவுக்குச் சமாளிக்கிறது. அதே இடத்தில் ஒரு பட்டுநூல் தையல் இருந்தால் சில நூறு கிருமிகளே போதுமாக இருந்தன. வெளிப்பொருள் ஒன்று உள்ளே இருந்தாலே வெள்ளணுக்களின் வேலை அந்த அளவுக்குக் கெட்டுப்போகிறது. தொடை எலும்புக்குள் இறக்கும் உலோகத் தண்டு, அதன் மேல் பதிக்கும் தகடு, திருகுகள் என்று நம் அறுவைகளில் உள்ளே போகும் பொருள்களை நினைத்துப் பார்த்தால், எலும்பு மருத்துவர்கள் ஏன் தொற்றுக்கு இவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பது விளங்கும்.

இடுப்பு மூட்டு மாற்று அறுவையை நிலைநாட்டிய ஜான் சார்ன்லி, இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1960களின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்குத் தொற்றைக் கண்டார். அரங்கின் காற்றை வடிகட்டினார், அறுவை செய்பவர்களின் உடலை முழுவதும் மூடும் உடையை வடிவமைத்தார், பத்தாண்டுகளில் அதை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார். ஆனால் காற்றைச் சுத்தம் செய்தாலும் நோயாளியின் தோல் இருக்கிறது. மயிர்க்கால்களின் அடியிலும் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் வாழும் கிருமிகளை மேலே தடவும் மருந்து முழுவதும் தொடுவதில்லை. கத்தி தோலைக் கடக்கும்போது அவற்றில் சில உள்ளே இறங்கத்தான் செய்யும். அந்தச் சில நூறு கிருமிகளுக்காகத்தான் தடுப்பு ஊசி.

அந்த ஊசிக்கு நேரம் குறித்தவர் ஜான் பர்க். பாஸ்டனில் அறுவை மருத்துவராக இருந்த இவர், பின்னாளில் தீக்காயங்களுக்கான செயற்கைத் தோலை உருவாக்கிய இருவரில் ஒருவர். 1961இல் இவர் வெளியிட்ட கினிப் பன்றிச் சோதனை மிக எளிமையானது. தோலில் ஸ்டஃபைலோகாக்கஸை ஏற்றி, ஆன்டிபயாடிக்கை வெவ்வேறு நேரங்களில் கொடுத்து, மறுநாள் வீக்கத்தை அளந்தார். கிருமிக்கு முன்பே மருந்து திசுவில் இருந்தால், செத்த கிருமியை ஏற்றினால் வரும் அளவுக்கே வீக்கம் வந்தது. மருந்து தாமதமாகத் தாமதமாக வீக்கம் பெரிதானது. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்த மருந்தால் எந்தப் பயனும் இல்லை. மருந்தே கொடுக்காத விலங்குகளின் வீக்கமும் இவற்றின் வீக்கமும் ஒன்றாகவே இருந்தன. கிருமி அதே கிருமி, மருந்தும் அதே மருந்துதான்.

மனிதர்களில் இதைப் பெரிய அளவில் காட்ட முப்பது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் கிளாசனும் அவரது குழுவினரும் 2,847 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 1992இல் வெளியிட்டார்கள். கீறலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் தொற்று 0.6 சதவீதம். கீறலுக்குப் பிந்தைய மூன்று மணி நேரத்துக்குள் பெற்றவர்களில் 1.4 சதவீதம். அதற்கும் பிந்திப் பெற்றவர்களில் 3.3 சதவீதம். மிக அதிகமான 3.8 சதவீதம், இரண்டு மணி நேரத்துக்கும் முன்னதாகவே பெற்றவர்களில் இருந்தது. மருந்தை முந்திக் கொடுப்பதும் தீங்குதான் என்பது அன்று பலருக்குப் புதிய செய்தி. கத்தி படும்போது அவர்கள் உடலில் மருந்து வடிந்துபோயிருந்தது.

ஊசி நரம்பில் ஏறியதும் மருந்து எந்த வழியாகப் போகிறது? எலும்பு அறுவைகளில் அதிகம் பயன்படும் செஃபசோலினையே எடுத்துக்கொள்வோம். வழக்கமான அளவு 2 கிராம், 120 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளவர்களுக்கு 3 கிராம். சில நிமிடங்களில் இரத்தம் முழுவதும் கலந்துவிடுகிறது. ஆனால் அதில் எண்பது சதவீதம்போல் இரத்தத்தின் ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய மருந்து கிருமியைக் கொல்லாது, நுண்குழாய்ச் சுவரைத் தாண்டி எளிதில் வெளியேயும் வராது. தனித்து நிற்கும் மிச்சம்தான் நுண்குழாயின் சுவர் இடைவெளிகள் வழியே கசிந்து, செல்களுக்கு இடையே உள்ள நீரில் கலக்கிறது. எலும்புத் தொற்றை உண்டாக்கும் கிருமிகள் பெரும்பாலும் அந்த நீரில்தான் இருக்கின்றன. ஆகவே இரத்தப் பரிசோதனையில் தெரியும் மொத்த அளவைப் பார்த்து எலும்பில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

காவிரிப் பாசனத்தை அறிந்தவர்கள் கடைமடையை அறிவார்கள். அணை திறந்த அன்றே அங்கே நீர் வந்துவிடாது. போதிய நீர் போதிய நாள் ஓடினால்தான் வாய்க்கால் வாய்க்காலாகக் கடந்து அங்கே எட்டும். உடலில் கெட்டி எலும்பு அப்படிப்பட்ட இடம்.

எலும்புக்கு இரத்தமே குறைவு என்று நினைக்கக் கூடாது. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்து முதல் பத்து சதவீதம் எலும்புக்கூட்டுக்குப் போகிறது. ஆனால் அதில் பெரும்பங்கு மஜ்ஜைக்கும், எலும்பு முனைகளில் இருக்கும் பஞ்செலும்புக்கும் போய்விடுகிறது. தண்டுப் பகுதியின் கெட்டி எலும்பு, 1691இல் லண்டன் மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸ் விவரித்த நுண்கால்வாய்களை நம்பியிருக்கிறது. ஒவ்வொரு கால்வாயும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலம். நடுவே ஓரிரு நுண்குழாய்கள், சுற்றிலும் வளையம் வளையமாகச் சுண்ணாம்பேறிய அடுக்குகள். அந்த அடுக்குகளுக்குள் புதைந்திருக்கும் எலும்புச் செல்களுக்கு உணவும் மருந்தும், ஒரு மைக்ரோமீட்டர்கூட அகலமில்லாத துளைகள் வழியே ஊறித்தான் போக வேண்டும்.

இரத்தம் வரும் திசையும் முக்கியம். நீள எலும்பின் சுவரில் உள் மூன்றில் இரு பங்குக்கு மஜ்ஜைக் குழிக்குள் நுழையும் தமனியும், வெளி மூன்றில் ஒரு பங்குக்கு எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வும் இரத்தம் தருகின்றன. உள்ளே உலோகத் தண்டு இறக்க மஜ்ஜைக் குழியைக் குடைந்தால் முதல் வழி சில வாரங்களுக்கு அடைபடுகிறது. தகடு பதிக்கச் சவ்வை உரித்தால் இரண்டாவது வழி போகிறது. எலும்பைச் சேர்க்கும் அறுவையே மருந்தின் பாதையைக் கொஞ்சம் அறுத்துவிடுகிறது என்பதால்தான், தேர்ந்த மருத்துவர்கள் சவ்வையும் தசையையும் அத்தனை பக்குவமாகக் கையாள்கிறார்கள். மருந்து எலும்பில் ஏறுவது மருந்தின் குணத்தைப் பொறுத்தது என்று மட்டும் சொல்பவர்கள், கத்தி பிடித்த கையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

எலும்பில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று எப்படி அளப்பது? நெடுங்காலம் ஒரே வழிதான் இருந்தது. இடுப்பு மூட்டு மாற்றும்போது தொடை எலும்பின் தலை எப்படியும் வெட்டி எடுக்கப்படும். அதை உறைய வைத்து, பொடித்து, சாறெடுத்து மருந்தை அளப்பார்கள். அப்படிச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், இரத்தத்தில் இருப்பதை நூறு என்று கொண்டால் செஃபசோலின் சேர்ந்த பீட்டா லாக்டம் குடும்பம் எலும்பில் பொதுவாகப் பத்து முதல் முப்பது வரை எட்டுகிறது. குயினலோன் வகை ஆன்டிபயாடிக்குகள் முப்பதைத் தாண்டி, சில வேளை நூறையும் கடக்கின்றன. பேருருவ மூலக்கூறான வான்கோமைசின் பஞ்செலும்பில் பதின்மூன்று, கெட்டி எலும்பில் ஏழு என்ற அளவில் நிற்கிறது.

இந்த எண்களை அப்படியே நம்பக் கூடாது. பொடித்த எலும்பில் இரத்தமும் செல்களும் நீரும் தாதுவும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. செல்லுக்குள் குவியும் மருந்தின் அளவு பெரிதாகத் தெரியும். செல்லுக்கு வெளியே உள்ள நீரில் மட்டும் இருக்கும் மருந்தோ, எடையெல்லாம் தாதுவாக இருப்பதால் சிறிதாகத் தெரியும். டெட்ராசைக்ளின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது கால்சியத்தோடு பிணைந்து எலும்பிலேயே பதிந்துவிடுகிறது, புற ஊதா ஒளியில் மஞ்சளாக ஒளிர்கிறது. சூடானின் நூபியாவில் கிடைத்த, கி.பி. 350 முதல் 550 வரையான காலத்து எலும்புகளில்கூட இந்த ஒளிர்வை 1980இல் கண்டு சொன்னார்கள். கெட்டுப்போன தானியத்தில் வளர்ந்த நுண்ணுயிரிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஆனால் தாதுவோடு பிணைந்த மருந்து கிருமியைத் தொடாது. எலும்பில் மருந்து இருக்கிறது என்பதால் மட்டும் அது அங்கே வேலை செய்கிறது என்று ஆகிவிடாது.

இப்போது மைக்ரோடயாலிசிஸ் என்ற முறை வந்திருக்கிறது. எலும்பில் மெல்லிய துளையிட்டு, நுனியில் அரைகுறையாக ஊடுருவ விடும் சவ்வு கொண்ட நூல்போன்ற குழாயை உள்ளே வைக்கிறார்கள். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு மைக்ரோலிட்டர் வேகத்தில் உப்பு நீர் அதில் ஓடும். ஒரு சொட்டு சேரவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். புரதம் அந்தச் சவ்வைத் தாண்டாது. தனித்து நிற்கும் மருந்து மட்டும் உள்ளே வந்து சேரும். கிருமியைக் கொல்லக்கூடிய பங்கும் அதுவே. எலும்புக்கு இந்த முறையைப் பொறுமையாகச் செப்பனிட்டவர்களில் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் ஆய்வாளர்கள் முக்கியமானவர்கள். பன்றிகளிலும் பிறகு மூட்டு மாற்று நோயாளிகளிலும் அவர்கள் அளந்தபோது, வான்கோமைசின் கெட்டி எலும்பில் குறைவாக ஏறுவது மட்டுமல்ல, தாமதமாக ஏறுவதும் தெரிந்தது. பொடித்த எலும்பு ஒரு நொடியின் கணக்கைத்தான் தரும். இந்தக் குழாய் மணிக்கணக்கில் நடப்பதைக் காட்டுகிறது.

அந்தத் தாமதத்தை நடைமுறை ஏற்றுக்கொண்டிருக்கிறது. செஃபசோலினைச் சில நிமிடங்களில் ஏற்றிவிடலாம். வான்கோமைசினை வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து, இரத்த அழுத்தம் சரியும். ஒரு கிராம் ஏற்றவே ஒரு மணி நேரம் வேண்டும். ஆகவே கீறலுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் அதைத் தொடங்கலாம் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அரங்குக்குள் வந்த பிறகு அவசரமாகத் தொடங்கும் வான்கோமைசின், எலும்பை வெட்டும் நேரத்தில் இன்னும் பாட்டிலிலேயே பாதி இருக்கும்.

முழங்கால் அறுவையில் இன்னொரு தடை உண்டு. இரத்தம் வழியாமல் இருக்கத் தொடையில் டூர்னிகே பட்டையைக் காற்றடைத்து இறுக்குவார்கள். பட்டை இறுகியபின் போடும் மருந்து, அறுவை நடக்கும் காலுக்குள் நுழையவே முடியாது. உடலின் மற்ற எல்லா இடத்துக்கும் போகும், தேவைப்படும் இடத்துக்குப் போகாது. செஃபுராக்சிமை வைத்து 1987இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, ஊசிக்கும் பட்டைக்கும் இடையே பத்து நிமிடமாவது வேண்டும் என்று காட்டியது. மருந்து முழுவதும் ஏறி முடிந்தபின்தான் பட்டை என்பது இப்போது விதி. நியூசிலாந்தின் சைமன் யங் குழுவினர் இந்தத் தடையையே வசதியாக மாற்றினார்கள். பட்டையை இறுக்கியபின், முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்புக்குள் ஊசியை இறக்கி 500 மி.கி. வான்கோமைசினைச் செலுத்தினார்கள். மருந்து அந்தக் காலுக்குள்ளேயே அடைபட்டு நின்றது. நரம்பு வழியே ஒரு கிராம் பெற்றவர்களோடு ஒப்பிட, பாதி மருந்திலேயே எலும்பிலும் தோலடிக் கொழுப்பிலும் பத்து மடங்கு அளவுக்குச் செறிவு கிடைத்தது.

மென்திசுக்களைப் பொறுத்தவரை தசைக்குக் கவலை குறைவு. இரத்தம் நிறைய ஓடுவதால் மருந்து விரைவில் ஏறும். கொழுப்பில் குழாய்கள் குறைவு, பருமனானவர்களில் அதன் பரப்பும் பெரிது. நீரிழிவால் குழாய்கள் சுருங்கிய காலிலும் வரத்து குறைகிறது. செஃபசோலினின் பாதி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சிறுநீரில் வெளியேறிவிடும் என்பதால், நீண்ட அறுவையில் நான்கு மணி நேரத்தில் இரண்டாவது தவணை தர வேண்டும். ஒன்றரை லிட்டருக்கு மேல் இரத்தம் இழந்தாலும் அப்படியே. முதல் ஊசியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது ஊசி, அரங்கு மும்முரமாக இருக்கும் நேரத்தில் எளிதில் விட்டுப்போகிறது.

தையல் முடிந்த பிறகு? சுத்தமான அறுவையில் அதற்குப் பின் மருந்தை நீட்டிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் தெளிவாகச் சொன்னது. பர்க்கின் கினிப் பன்றிகளைப் புரிந்துகொண்டவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். ஆனாலும் நம் ஊரில் பல இடங்களில் ஐந்து நாள், ஏழு நாள் என்று ஊசியும் மாத்திரையும் தொடர்கின்றன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அந்த நாட்களில் மருந்து நோயாளியின் குடலிலும் தோலிலும் உள்ள கிருமிகளுக்குத் தாக்குப்பிடிக்கும் பயிற்சியைத்தான் தருகிறது.

எலும்பு முறிந்து தோலைக் கிழித்து மண்ணில் உரசிய விபத்தில் கணக்கு மாறுகிறது. அங்கே கிருமி மருந்துக்கு முன்பே உள்ளே வந்துவிட்டது. 1974இல் பட்சாகிஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், திறந்த முறிவு நோயாளிகளில் மருந்து பெறாதவர்களுக்குத் தொற்று 13.9 சதவீதம், செஃபலோத்தின் பெற்றவர்களுக்கு 2.3 சதவீதம். ஆகவே மருத்துவமனைக்கு வந்ததும் முதல் வேலையாக ஊசி போட வேண்டும். ஆனால் நசுங்கிச் செத்த தசைக்கும், எல்லாப் பிணைப்பும் அறுந்து தனியே கிடக்கும் எலும்புத் துண்டுக்கும் இரத்தமே வருவதில்லை, மருந்து எப்படி வரும்?

மருந்து எட்டாத இடத்தில் கிருமி பிழைத்துக்கொள்ளும் என்பதைப் பெனிசிலினுக்கு முன்பே காட்டியவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங்தான். முதல் உலகப் போரின்போது பிரான்சின் பூலோன் நகரில், சூதாட்ட மாளிகை ஒன்றை மாற்றி அமைத்த இராணுவ மருத்துவமனையில் அவர் பணிபுரிந்தார். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, குண்டுக் காயத்தின் சந்துபொந்துகள் போல அதில் கூர்முனைகளை இழுத்துவிட்டு, கிருமி கலந்த திரவத்தை நிரப்பினார். பிறகு கிருமிநாசினியால் கழுவி, சுத்தமான திரவத்தை ஊற்றி வைத்தார். மறுநாள் கிருமி மறுபடி நிறைந்திருந்தது. நாசினி அந்த முனைகளுக்குள் போகவே இல்லை.

அதனால்தான் திறந்த முறிவில் செத்த திசுவை வெட்டி அகற்றுவது மருந்துக்கு நிகரான சிகிச்சை. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் ராஜசேகரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட மதிப்பெண் முறை இன்று உலகின் பல பகுதிகளில் பேசப்படுகிறது. தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சேதத்தை அது தனித்தனியே எடைபோடுகிறது. எலும்பு எப்படி உடைந்திருந்தாலும், அதன் மேல் உயிருள்ள தசையும் தோலும் உண்டா என்பதைப் பொறுத்தே மருந்தும் வெள்ளணுவும் அங்கே வர முடியும். இல்லாத இடத்தில் உடலின் வேறு பகுதியிலிருந்து இரத்தக்குழாயோடு தசையை எடுத்து மூடுகிறார்கள்.

இரத்தத்தை நம்பாமல் மருந்தை நேரே அங்கேயே வைப்பது மற்றொரு வழி. ஹாம்பர்க்கின் புக்ஹோல்ட்ஸ், எலும்பு சிமென்ட்டில் ஜென்டாமைசினைக் கலக்கும் இந்த முறையை 1970இல் வெளியிட்டார். சிமென்ட் இறுகும்போது எழும் வெப்பத்தை ஜென்டாமைசின் தாங்கும். முதல் சில நாட்களில் சுற்றிலும் மிக அதிகச் செறிவில் கசிகிறது, இரத்தத்திலோ சிறிதளவே ஏறுகிறது. பிறகு கசிவு மெலிந்து நீண்ட காலம் தொடர்கிறது. அந்த மெல்லிய கசிவில் தாக்குப்பிடிக்கும் கிருமிகள் தேறிவரக்கூடும் என்பது இதன் குறை.

கிருமி எலும்பில் குடியேறிவிட்டால் என்ன ஆகிறது என்பதற்கு அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஒரு விடையைக் காட்டினார்கள். தொற்றுள்ள எலி எலும்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, எலும்புச் செல்களை இணைக்கும் அந்த நுண்துளைகளுக்குள் ஸ்டஃபைலோகாக்கஸ் வரிசையாக நின்றது. உருண்டையான கிருமியின் அகலம் ஒரு மைக்ரோமீட்டர், துளையின் அகலம் அதில் பாதியும் இல்லை. கிருமி தன் உருவத்தை ஒடுக்கிக்கொண்டு உள்ளே நகர்ந்திருந்தது. அதைவிடப் பத்து மடங்கு பெரிய வெள்ளணு அங்கே நுழைய முடியாது. பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்த எலும்புப் புரை திடீரென மறுபடி சீழ் வடிப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இத்தகைய நோயாளிகளுக்கு ஆறு வாரம் நரம்பு வழியே ஊசி என்பது நெடுங்கால வழக்கம். மாத்திரை எலும்புக்கு எட்டாது என்ற நம்பிக்கை அதன் அடிப்படை. பிரிட்டனின் 26 மையங்களில் 1,054 நோயாளிகளை இரு பிரிவாக்கி இதைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டு முடிவில் சிகிச்சை தோற்றவர்கள், ஊசிப் பிரிவில் 14.6 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 13.2 சதவீதம். எலும்பில் நன்றாக ஏறும் குயினலோன் போன்ற மருந்துகளைத் தேர்ந்து கொடுத்தபோது, மாத்திரை ஊசிக்குக் குறைந்ததாக இல்லை. கையில் நரம்புக் குழாயோடு ஆறு வாரம் படுத்திருக்க வேண்டிய பலர் வீட்டுக்குப் போக இந்த முடிவு வழி செய்தது. அந்த நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு, முதல் மாத்திரைக்கு முன்பே செத்த எலும்பையும் கெட்ட திசுவையும் அறுவை மருத்துவர் வெட்டி எடுத்திருந்தார்.